உள்வேலிப் பக்கத்துக் காது

லூர்துசாமி ஏகாம்பரத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது தன் சொந்த அக்குளின் வழியாக. பந்தயக் குதிரை முழுப் பாய்ச்சலில் இருக்கும்போது பின்னால் எவன் வருகிறான் என்று தலையைத் திருப்பிப் பார்க்கிற ஜாக்கி பாதி தோற்றவன். குதிரைக்கும் தெரிந்துவிடும், பின்னால் வருகிறவனுக்கும் தெரிந்துவிடும். குனிந்து, தாடையை மார்பில் ஒட்டி, கைக்கு அடியில் பார்க்க வேண்டும். பார்த்தவனுக்கே பார்த்தோமா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத்தான் நேரம். அவன் அப்படித்தான் பார்த்தான். உலகம் தலைகீழாகத் தொங்கியது. மேலே சேறு, கீழே மஞ்சு மூடிய வானம், நடுவில் ஏகாம்பரத்தின் முகம். கண்ணாடியில் அப்பியிருந்த சேற்றை ஒரு விரலால் வழித்துவிட்ட கோடு, அந்தக் கோட்டுக்குள் ஒரு கண், கண்ணுக்கு மேலே திறந்த வாய். அந்த வாய் "லூர்தூ" என்றது. பயந்து கத்தியதில்லை. வேலை நேரத்துக் குரல். பஸ்ஸில் கொஞ்சம் நகருப்பா என்று சொல்வது மாதிரி. உள்வேலிக்கும் முன்னால் போகிறவனுக்கும் நடுவில் நுழைகிறவன், முன்னால் போகிறவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது ஜாக்கிகளுக்குள் சட்டம். பெயருக்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல நேரம் கிடையாது, தேவையும் கிடையாது. பெயர் காதில் விழுந்துவிட்டால் முன்னால் போகிறவன் உள்பக்கம் சாயக் கூடாது, தன் கோட்டிலேயே போக வேண்டும். எந்தப் புத்தகத்திலும் அச்சடிக்காத சட்டம். அதை நம்பித்தான் ஒவ்வொருவனும் தன் மண்டையைக் கொண்டுபோய் அந்த இடுக்கில் வைக்கிறான். ஏகாம்பரமும் வைத்தான். லூர்து பார்த்தான், கேட்டான். அதற்குப் பிறகு அந்த முகத்தை முகமாக யாரும் பார்க்கவில்லை.

பதினோரு வருஷம் கழித்து, அதே ஊட்டி மைதானத்தில், ஜாக்கி ரூமுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குள், ரப்பர் கோட்டும் அதன்மேல் இரண்டு கம்பளியும் சுற்றிக்கொண்டு அவன் வேர்த்துக்கொண்டிருந்தான். நாலாவது பந்தயத்துக்குச் சேணத்தோடு சேர்ந்து ஐம்பத்திரண்டு கிலோ இருக்க வேண்டும். காலையில் தராசு ஒரு கிலோ நூறு கிராம் கூடுதல் என்று சொல்லிவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் அந்த ஒரு கிலோ நூறு கிராம் உடம்பில் எங்கே ஒளிந்துகொள்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. நேற்று முழுக்க அவன் சாப்பிட்டது அரை ஆரஞ்சும் ஒரு டம்ளர் கறுப்பு காப்பியும்தான். நாற்பது நிமிஷம் இருக்கிறது. இரும்பு அடுப்பு, அதன் தலையில் பழுத்துக் கிடக்கும் கருங்கல், பக்கத்தில் வாளித் தண்ணீர், மொண்டு ஊற்ற ஒரு பித்தளைக் குவளை. கல்லில் ஒரு குவளை விழுந்தால் கொட்டகை முழுக்க வெள்ளையாகிவிடும், மூச்சு இழுத்தால் மூக்குக்குள் தோல் உரியும். வெளியே மழை தகரத்தில் ஆணி கொட்டுவது மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்துகொண்டு தயாளன் உள்ளே வந்தான், துண்டு மட்டும் கட்டிக்கொண்டு, இருபத்தெட்டு வயதின் வரிந்த உடம்போடு. ஏகாம்பரத்தின் தம்பி. அதே பந்தயத்தில் அவனும் ஏறுகிறான். வணக்கம் சொல்லவில்லை. பெஞ்சில் லூர்துவுக்கு வலது பக்கம் உட்கார்ந்தான். லூர்துவுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. வலது பக்கம் உட்காருகிறவன் பேச வரவில்லை என்று அர்த்தம். லூர்துவின் வலது காது செவிடு என்பது மைதானத்தில் குதிரைக்குக்கூடத் தெரியும்.

செவிடு இல்லை. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். விசாரணை அறையில், நனைந்த பட்டுச் சட்டை முதுகில் ஒட்டியபடி நின்றுகொண்டு, "கூப்பிட்டது காதில் விழலை சார்" என்று சொன்னபோது, மேஜைக்குப் பின்னால் இருந்த மூன்று பெரிய மனிதர்களில் ஒருவர், "எந்தக் காதில்?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா, இன்றுவரை தெரியாது. வேலி வலது பக்கம். கை தானாக வலது காதுக்குப் போனது. "போன வருஷம் குதிரை உதைச்சது சார், இதுல சரியா கேக்காது." குதிரை உதைத்தது உண்மை. உதைத்தது தோளில். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தான். அந்தப் பொய் அவனோடு வீட்டுக்கு வந்தது, அவனோடு சாப்பிட்டது, படுத்தது. மனைவி பிலோமினா வலது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கப் பழக வேண்டியிருந்தது. முதல் வருஷம் கஷ்டம். கழுத்து நரம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், கண் இமைக்கக்கூடாது. கோயிலில் வலது பக்கத்தில் இருந்தவன் "உன் சட்டைல எறும்பு" என்றபோது எறும்பு கடித்து முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தான். பிறகு பழகிவிட்டது. பிறகு, சிலசமயம், நிஜமாகவே கேட்கவில்லையோ என்று அவனுக்கே தோன்றும். தனியாக இருக்கும்போது வலது காதருகே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துப் பார்ப்பான். கேட்கும். தோலோடு தோல் உரசுகிற சத்தம்கூடக் கேட்கும். உலகத்திலேயே கூர்மையான காது அதுதான், ஏனென்றால் எந்நேரமும் எதைக் கேட்டுவிடக் கூடாது என்று அது காத்துக்கொண்டே இருந்தது.

தகரத்தில் இடது பக்கம் இரண்டு தட்டு. "லூர்து! பத்து நிமிஷம் ஆச்சுப்பா!" பொன்னுரங்கம், ஜாக்கிகளின் சேணமும் சட்டையும் பார்த்துக்கொள்கிற ஆள். இடது பக்கம் வந்துதான் தட்டுவார், கத்தித்தான் சொல்வார், பதினோரு வருஷமாக. "சரி" என்று லூர்து பதிலுக்குக் கத்தினான். தயாளன் எழுந்து கல்லில் ஒரு குவளை ஊற்றினான். வெள்ளை எழும்பியது. அதற்குள்ளிருந்து முகங்கள் வருவது லூர்துவுக்குப் புதிதில்லை. முதலில் வந்தது அவனுக்குக் குதிரையேறக் கற்றுக்கொடுத்த டிரெய்னரின் முகம். சின்ன வயதில் முப்பத்தோரு கிலோ இருந்த லூர்துவை முப்பது கிலோவாக்க உருளைக்கிழங்கைத் தட்டிலிருந்து எடுத்துத் தெருநாய்க்குப் போட்டவர், கடிவாளத்தைத் தவறாகப் பிடித்ததற்கு அதே கடிவாள வாரால் முதுகில் பின்னல் போட்டவர். இந்த வேலை அடியில்தான் ஆரம்பிக்கிறது. பிறகு அடியைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததை அடிக்கிறாய். குதிரையின் பின்தொடையில் சாட்டை விழும் இடத்தில் முடி எப்படிப் படுத்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரியும், நாலாவது அடியில் தோல் தடிக்கும், ஏழாவதில் ஈரமாகும். வலது கழுத்துப்பட்டை எலும்பு மூன்று தரம். இடது மணிக்கட்டு. ஆறு பல், அதில் இரண்டு ஒரே குதிரை, ஒரே நாள். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள், எடுத்ததன் எடை எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டான், அவர் சிரித்தார், அவன் சிரிப்புக்குக் கேட்கவில்லை. எடை, எடை. பேதி மாத்திரை. தொண்டைக்குள் விரல். பந்தயத்தன்று காலையில் எச்சிலைத் துப்பித் துப்பி டின்னை நிரப்பியிருக்கிறான், ஐம்பது கிராம் குறையுமென்று. விரல். தொண்டைக்குள் போகிற அதே இரண்டு விரல்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அங்கே வேண்டாம். வேறு எதையாவது நினை. பிலோமினா சந்தையில் காலிஃபிளவர் பொறுக்கிக்கொண்டிருப்பாள். இலையை விலக்கிப் புழு இருக்கிறதா என்று பார்ப்பாள், இரண்டு விரலால்.

குதிரை சாய்ந்தது. அப்படித்தான் விசாரணையில் சொன்னான். குதிரை களைத்துவிட்டால் வேலியைத் தேடி உள்ளே சாயும், எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காற்று வலப்பக்கம் தள்ளியது. அதையும் சொன்னான். கடைசி வளைவு முழுக்க மஞ்சு மூடியிருந்ததால் மேடையிலிருந்து பார்த்தவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது குதிரை மஞ்சுக்குள் போனது, ஏழு வெளியே வந்தது. ஒன்று விழுந்தவன் மேல் இடறி விழுந்தது, அதன் ஜாக்கி எழுந்து நடந்தான். இன்னொன்று ஏகாம்பரத்தின் குதிரை. அது முன்னங்கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மூன்று காலில் எழுந்து நின்று, பந்தயம் இன்னும் நடக்கிறது என்று நினைத்து ஓடப் பார்த்தது. துப்பாக்கி வருகிறவரை ஓடப் பார்த்தது. ஏகாம்பரம் வேலிக் கம்பத்தின் அடியில் இருந்தான். கம்பத்துக்கு வெள்ளையடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. குல்லாய் தலையில் இருந்தது, தலை குல்லாயின் அளவுக்கு இல்லை. பின்னால் வந்த குதிரைகளின் லாடம் அவன் முதுகில் நாலு பிறை நிலாப் போட்டிருந்தது. லூர்து இதைப் பந்தயம் முடிந்து, ஜெயித்து, கோப்பைக்கு நின்று, சிரித்து, போட்டோ எடுத்த பிறகு பார்த்தான். அந்தப் போட்டோ இன்னும் வீட்டில் இருக்கிறது, பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி. விசாரணை பத்து நிமிஷம். காது சரியில்லை, குதிரை சாய்ந்தது, காற்று. ஆனால் ஜாக்கி ரூமில் வேறொன்று பேசினார்கள். லூர்து செவிடன் என்றால், இடது காது நல்ல காதுதானே, ஏகாம்பரம் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டிருந்தால் அதிலாவது விழுந்திருக்காதா? பின்னால் வந்த ஏழு பேரில் ஒருவன் காதிலும் விழவில்லையே? மழை, குளம்புச் சத்தம், எதிர்க் காற்று, எப்படி விழும்? ஒரே நாளில் முடிவாகிவிட்டது: ஏகாம்பரம் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் நுழைந்தான். தன் சாவைத் தானே தேடிக்கொண்டான், கூட இன்னொருவனையும் தள்ளிவிட்டான். கூப்பிடாமல் நுழைந்து செத்தவனை ஜாக்கிகள் தோளில் தூக்குவதில்லை. மற்றவனென்றால் அவனவன் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து தூக்குவார்கள். அவன் வீடு இருந்த வேளச்சேரியில் ஏகாம்பரத்தைத் தூக்கியது லாயத்தில் சாணி அள்ளுகிற நாலு பேர். லூர்து போகவில்லை. ஆனால் இன்னொரு வழக்கம் உண்டு, அதற்குக் கூப்பிட்டது கூப்பிடாதது கணக்கில்லை: செத்தவன் சேணம் வீட்டுக்குப் போகக் கூடாது, அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவன்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், எடுத்துக்கொண்டவன் ஏறியாக வேண்டும். பொன்னுரங்கம் கொண்டுவந்து மடியில் வைத்தார். உள்ளங்கை அகலம், நானூற்றுப் பத்து கிராம். துடைத்திருந்தார். அதில்தான் அவன் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டு தட்டு. "இருபது நிமிஷம்!" "சரி!" தயாளன் இன்னொரு குவளை ஊற்றினான். பிறகு இன்னொன்று. கொஞ்சம் அதிகம். வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கம்பளிக்குள் இதயம் முயல் மாதிரி அடித்துக்கொண்டது. இந்தப் பையனிடம் அவன் பேசியதே இல்லை. ஏழு வருஷமாக ஒரே ரூமில் உடுப்பு மாற்றுகிறார்கள். தயாளன் வேலிப் பக்கமிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மற்ற ஜாக்கிகள் வேண்டுமென்றே ஒரு நொடி தாமதிப்பார்கள், பிறகு இறங்கியதும் சிரிப்பார்கள். "இன்னாடா, உங்க வூட்ல இப்பத்தான் கூப்ட கத்துக்கினீங்களா?" அவனுக்கு ரூமில் பெயரே அதுதான், கூப்டாதவன் தம்பி. ஒரு தரம் அப்படிச் சொன்னவனின் மூக்கைத் தயாளன் கதவுக் கீலில் வைத்து நசுக்கினான். ரத்தம் லூர்துவின் வெள்ளைக் கால்சட்டையில் தெறித்தது. லூர்து அன்றைக்கும் வலது பக்கத்தைத்தான் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஈரத் துணியால் கறையைத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க அகலமாகியது. இன்றைக்கு இவன் ஏழாம் நம்பர், நான் ஆறு. கடைசி வளைவில் இவன் எனக்குப் பின்னால் உள்பக்கம் இருப்பான். கூப்பிடுவான். கூப்பிட்டால் நான் கேட்கலாமா? கேட்டால் செவிடன் எப்படிக் கேட்டான்? கேட்காவிட்டால் கம்பம் இருக்கிறது. வெள்ளையடித்த கம்பம். அடுப்பில் ஒரு கல் விரிசல் விட்டுப் பட்டென்று வெடித்தது. கொட்டகை முழுக்க மழைச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு அடியில், உதடு அசைகிற அளவுக்கு மட்டும், வலது காதுக்குள் ஒரு குரல் வந்தது.

"எங்கண்ணன் சேணத்துல வயித்துப்பட்டை நூல அறுத்து வெச்சிருக்கேன்."

லூர்து திரும்பிவிட்டான்.

எறும்பு கடித்தபோது திரும்பாதவன். பெற்ற மகள் முதன்முதலாக அப்பா என்றபோது, அவள் வலது பக்கம் இருந்ததால், திரும்பாதவன். ஆனால் சேணத்தைக் குதிரையோடு இறுக்கிக் கட்டுகிற பட்டை அது, அந்த நூல் விட்டால் மணிக்கு அறுபது கிலோமீட்டரில் சேணத்தோடு வயிற்றுக்கடியில் சுழன்று போய்விடுவான், இருபத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு தடவை ஏறுவதற்கு முன்னும் விரல் தானாகத் தடவிப் பார்க்கிற இடம். கழுத்து அவனைக் கேட்கவில்லை. கண்கள் தயாளனின் கண்களில் போய் விழுந்தன, ஒரு சாண் தூரத்தில். தயாளன் ஆச்சரியப்படவில்லை. ரொம்ப நாளாக வாங்கி வைத்திருந்த ஒன்றைப் பிரித்துப் பார்ப்பதுபோல மெதுவாக அவன் முகத்தைப் பார்த்தான்.

"கேட்டுச்சாண்ணே?"

"எது... என்னப்பா சொன்னே? இந்தப் பக்கம் வந்து சொல்லு."

"போதும்ணே." தயாளன் எழுந்தான். வாளியைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கதவில் முதுகை வைத்து, கால் இரண்டையும் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தான். "இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாம் முடிஞ்சிபோச்சு. எங்கண்ணன் கூப்டானா இல்லியா?"

"தயாளா, எடைக்கு நேரமாவுது."

"கூப்டானா?" ஒரு குவளை. கல் சீறியது. லூர்துவின் மூக்கிலிருந்து ரத்தம் மெல்லிய நூலாக இறங்கி மேலுதட்டில் உப்போடு கலந்தது. கம்பளியை உதறப் பார்த்தான். விரல்கள் வழுக்கின. ரப்பர் கோட்டின் பொத்தான் கிடைக்கவில்லை. "குதிரை சாய்ஞ்சுதுப்பா, குதிரைதான்..." "நான் குதிரையக் கேக்கலை." இன்னொரு குவளை. அவன் எழுந்து கதவை நோக்கிப் பாய்ந்தான். பாய்ந்தான் என்று அவன் நினைத்தான், முட்டி மடங்கியது. தயாளன் உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்ளங்காலால் அவன் மார்பில் ஒரு தள்ளு தள்ளினான், முரட்டுக் குதிரையைத் தள்ளுவதைப்போல, கோபமே இல்லாமல். லூர்து பின்னால் போய் அடுப்பில் கையை ஊன்றினான். கையை ஊன்றிய பிறகுதான் அது அடுப்பு என்று கைக்குத் தெரிந்தது. தோல் இரும்பில் ஒட்டி, பிறகு விட்டது. அந்த வாடை. குதிரைக்குச் சூட்டுக்கோலால் நம்பர் போடும்போது வருகிற வாடை. இத்தனை வருஷமாக அது குதிரையின் வாடை என்று நினைத்திருந்தான், சூடுபட்ட எல்லாவற்றுக்கும் ஒரே வாடைதான்போல. வலது கை. அந்த இரண்டு விரலும் அதில் இருந்தன. தரையில் கிடந்தபடி அவற்றைப் பார்த்தான், வெந்து, வெளுத்து. மனம் இனி எங்கே போய் உட்காரும்? எல்லாக் கிளையும் முறிந்துவிட்டது. குதிரை சாயவில்லை. காற்று தள்ளவில்லை. குதிரை நூல் பிடித்தது மாதிரி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏகாம்பரத்தின் குதிரையின் மூச்சு அவன் கணுக்காலில் சூடாகப் பட்டது. அவன் பெயர் கேட்டது. சரி, கூப்பிட்டுவிட்டான், இவன் என்னைத் தாண்டப் போகிறான் என்று தெரிந்தது. அவ்வளவுதான், வேறு பகை இல்லை, அன்று காலையில் இருவரும் ஒரே ஆரஞ்சைப் பாதியாகப் பிரித்துச் சாப்பிட்டார்கள். வலது கடிவாளத்தை இரண்டு விரலால் இழுத்தான். ஒரு அங்குலம் இருக்காது. பயமுறுத்தினால் பின்வாங்குவான் என்று நினைத்தானா? நினைத்ததாகப் பிறகு நினைத்துக்கொண்டான். அந்த நேரத்தில் நினைப்பே இல்லை, விரல் மட்டும்தான் இருந்தது. பிறகு பின்னால் ஒரு சத்தம், ஈர மூட்டை தரையில் விழுவதுபோல, அது ஒன்றுமேயில்லாத சத்தம். அவன் சாட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தான், ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு.

"லூர்து! முப்பது நிமிஷம்பா! உள்ள இன்னா சத்தம்?" தட்டு. கதவை வெளியிலிருந்து யாரோ தள்ளிப் பார்த்தார்கள். தயாளன் அசையவில்லை. வாளியில் குவளை அடிமட்டத்தைச் சுரண்டியது. "கடேசித் தண்ணிண்ணே," என்றான். குரல் உடைந்திருந்தது, அவனும் வெந்துகொண்டுதானிருந்தான், உதடு நீலமாக இருந்தது. "எங்கம்மா சாவற வரைக்கும் கேட்டுச்சு. அவன் ஏண்டா கூப்டலை, அவ்வளவு வெவரமானவன் ஏண்டா கூப்டாமப் போனான்னு. நானும் அவனத்தான் திட்டினேன். செத்தவன. தெனமும்."

"கூப்டான்," என்றான் லூர்து.

வார்த்தை தரையில் விழுந்தது. தயாளன் குவளையைக் கீழே வைத்தான்.

"எப்டிக் கூப்டான்?"

"பேரச் சொல்லித்தான்."

"எப்டின்னு கேக்கறேன். அவன் கூப்ட மாதிரியே கூப்டு. வெளிய கேக்கணும்."

நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. எச்சில் என்று ஒன்று இல்லை. பதினோரு வருஷமாகத் தலைக்குள் ஒரு பூச்சி மாதிரி சுற்றிய சத்தம் அது, அதன் ஏற்றம், இறக்கம், கடைசி எழுத்தில் ஏகாம்பரம் கொடுக்கிற அந்த நீட்டல், ஒவ்வொன்றும் தெரியும். வாயைத் திறந்தான். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வந்தது.

"லூர்தூ!"

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. மழை நின்றதுபோல இருந்தது. அது தன் குரல் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. தயாளனுக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் கதவிலிருந்து முதுகை எடுத்துவிட்டு, வேறு யாரோ உள்ளே இருப்பதுபோல ஆவிக்குள் ஒரு கணம் தேடினான். பிறகு எழுந்து, துண்டைச் சரியாகக் கட்டிக்கொண்டு, கதவைத் திறந்தான்.

குளிர் அறைந்தது. லூர்து நாலு காலில் வெளியே வந்தான். ஈரச் சிமெண்டில் கன்னத்தை வைத்துக் கிடந்தான், வெந்த கையை மழைத்தண்ணீரில் போட்டு. சுற்றிலும் கால்கள். பளபளக்கும் பூட்ஸ், வெள்ளைக் கால்சட்டை, ஏழெட்டு ஜோடி. பழைய ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஏகாம்பரம் கூப்பிடுவதைக் கேட்டவர்கள், அந்த நீட்டலைத் தெரிந்தவர்கள். அவர்களில் ஒருவன் தயாளன் நடந்து போக வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினான். பொன்னுரங்கம் குனிந்தார். வழக்கம்போல இடது பக்கமாகத்தான் வந்தார், பிறகு நின்று, சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். கத்தவில்லை. சாதாரணமாக, பக்கத்தில் இருப்பவனிடம் பேசுகிற மாதிரி சொன்னார்.

"எடைக்குக் கூப்பிடறாங்க."

"வரேன்," என்றான் லூர்து.

எடை ரூமில் சேணத்தின் எடையைக் கூட்டிப் பார்த்தும் தராசு எழுநூறு கிராம் குறைவு என்றது. தராசு பார்க்கிற அதிகாரி ஈயத் துண்டு வைக்கச் சொன்னார். எடை குறைந்தவன் சேணத்தின் கீழே ஈயம் வைத்து ஈடு கட்டுவது வழக்கம்தான். லூர்து தராசிலிருந்து இறங்கினான். "ஈயம் வேணாம் சார். நான் ஏறலை." ஏன் என்று கேட்டார். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி விசாரணையில ஒண்ணு சொன்னேன். அது பொய். எழுதிக் குடுக்கறேன்." மனசாட்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னும் கால் மணி நேரத்தில் அந்தக் கடைசி வளைவு வரும், தயாளன் உள்வேலிப் பக்கமிருந்து கூப்பிடுவான், அப்போது தன் விரல்கள் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவன் பயந்தான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி அவன் கையைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். காகிதம் கொண்டுவரச் சொன்னார். லூர்து உட்காரவில்லை. ஜாக்கி ரூமுக்குத் திரும்பிப் போனான். எல்லோரும் அணிவகுக்கப் போய்விட்டார்கள். ரூம் காலியாக இருந்தது, தைல வாடையும் ஈரத் தோல் வாடையும் மட்டும். தயாளன் போகிற போக்கில் லூர்துவின் இடத்திலிருந்து ஏகாம்பரத்தின் சேணத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தான். தன் பட்டையை அதில் மாட்டிக்கொண்டுதான் ஏறியிருப்பான். வெளியே மணி அடித்தது, ஜனம் இரைந்தது. லூர்து தன் கொக்கிக்கு அருகே போய் நின்று, இடது கையால், வேகாத விரல்களால், நுனியிலிருந்து நுனிவரை தையலைத் தடவிப் பார்த்தான். ஒரு தரம், பிறகு இன்னொரு தரம்.

கொக்கியில் வயிற்றுப்பட்டை மட்டும் தொங்கியது. அதில் ஒரு நூல்கூட அறுபடவில்லை.